ஆங்கிலத்துக்குத் திரும்பாத கீபோர்டு

செவ்வாய், இரவு. பாறசாலை.

மென்பொருளைச் சோதிக்கும்முன் கணினியின் ஷார்ட்கட் விசைகளை எல்லாம் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் புகுந்து சோதனையைக் கெடுக்கும். அதற்கான வழிகாட்டியை எழுதியது நான்தான்.

சாயங்காலம், என்னோடு சோதனை வேலை பார்க்கும் ஷைனி காரக்கோணத்திலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, எல்லாம் ஓஃப் ஆக்கியாச்சு. இப்ப எதைத் தட்டினாலும் மலையாளமாக்கும் வருது."

அதற்குச் சற்றுமுன் அதே கணினியில் மாமியாருக்கு மலையாளத்தில் மெசேஜ் அடித்தாளாம்.

"இங்கிலீஷுக்கு மாத்து மக்கா."

"மாத்துற கீயையும் ஓஃப் ஆக்கத்தானே அக்கா எழுதியிருக்கீங்க!"

ஒழுங்காகப் படித்தாயா என்று கத்தினேன். அவள்மேல்தான் தப்பு என்று காட்ட, என் கணினியில் சர்ச் வாட்ஸ்அப் குழுவுக்குத் தமிழில் பதில் போட்ட கையோடு, அதிலும் அதேபோல் அணைத்துப் பார்த்தேன்.

'முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றவும்' என்று வழிகாட்டியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். காலைக்குள் அது ஆங்கிலத்தில் பெங்களூர் ஆபீசுக்குப் போயாக வேண்டும். இந்தச் சனியன் தமிழைத் தவிர எதையும் அடிக்க மாட்டேன் என்கிறது.