மேற்குச் சுவர்

1974 பிப்ரவரி 3, ஞாயிறு

இன்று வீட்டுக்குக் கயிறு பிடித்தோம். நீளம் பதினாறு அடி, அகலம் பன்னிரண்டு. இதை நானே எழுதுகிறேன். இதற்கு மேல் எழுதக் கை வலிக்கிறது.

பிப்ரவரி 5

கை வலி பரவாயில்லை. தினமும் நாலு வரி எழுதினால் கை படியும் என்று பிலோமி டீச்சர் சொல்லியிருக்கிறார். யூனியன் ஆபீசில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்பில் நான்தான் எல்லோருக்கும் மூத்தவன்.

என் பெயர் பெரியமுத்து. வயது அறுபது. கேரள மலையில், சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலை, முப்பத்தொரு வருஷம். மே மாதக் கடைசியில் ரிட்டையர். அன்றைக்கே லயத்தில், எஸ்டேட்டின் வரிசை வீட்டில், எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவைக் காலி செய்து கொடுக்க வேண்டும். வீட்டில் வேறு யாராவது எஸ்டேட்டில் வேலைக்குப் பேர் போட்டிருந்தால் இருக்கலாம். எங்களுக்கு ஒரே மகள் அழகுத்தாய். அவளைக் கம்பத்தில் கட்டிக் கொடுத்துவிட்டோம்.

போன வருஷம் ரிட்டையர் ஆன அழகுமலையை மார்கழியில் கம்பம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலைக்கு ஒரு ஏலச்சாக்கு வைத்துப் படுத்திருந்தான். எழுப்பவில்லை. என்ன சொல்லி எழுப்ப?

மழைக்கு முன்னால் கூரை ஏறிவிட வேண்டும்.

பிப்ரவரி 17, ஞாயிறு

மண் மிதித்தோம். லயத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். பக்கத்துக் காம்பிரா கருத்தப்பாண்டிதான் தலைமை. ஞாயிற்றுக்கிழமை இவர்கள் எனக்குச் செய்வார்கள், நாளைக்கு நான் அவர்களுக்குச் செய்வேன். லயத்தில் அதுதான் வழக்கம். என் பெண்சாதி ராமுத்தாய் சேலையை முழங்காலுக்குச் சொருகிக்கொண்டு மண்ணில் இறங்கினாள்.

“மதினி, டான்ஸ் பாக்க டிக்கெட் உண்டா?” என்றான் பாண்டி.

“உனக்கு எதுக்குலே டிக்கெட்டு? வா, வந்து சேந்து ஆடு.”

முதல் வரிச் சுவர் முட்டி உயரம் வந்தது. காய விட்டிருக்கிறோம்.

பிப்ரவரி 20

வேலை விட்டு வரும்போது சுற்றிக்கொண்டு போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். நேற்றும் தொட்டேன். ஒரு சுவர் நம்முடையது என்றால் அதைத் தொட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இந்த வரி எழுத அரை மணி நேரம் ஆயிற்று. நன்றாக இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

மூன்றாம் வரி. வீடு கட்டும் இந்தப் பத்து சென்ட் இடத்தை எனக்கு விற்ற நாணு வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் கீழே தனி வீட்டில் இருக்கிறார், மலையாளி. “கொள்ளாம்” என்றார். நல்லது என்று அர்த்தம்.

மார்ச் 24, ஞாயிறு

டீச்சர் வீடு பார்க்க வந்தார்.

“ஜன்னல் எங்க தாத்தா?”

“முன்னால ஒண்ணு இருக்கே டீச்சரம்மா.”

“சரி, பக்கத்துல?”

பக்கத்தில் எதற்கு ஜன்னல் என்று எனக்குப் புரியவில்லை. பாண்டி முந்திக்கொண்டான். “பக்கத்து வீட்டுச் சண்டையக் கேக்கவா டீச்சர்? அது ஓட்ட போடாமலே நல்லாக் கேக்கும்.”

எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்துவிட்டார். பிறகு நான் எழுதியதை வாங்கிப் படித்து, ஒரு இடத்தில் மட்டும் திருத்தினார். ஒரே இடம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

சுவர் முடிந்தது. எஸ்டேட் ஸ்டோரில் காய் உலர்த்தும் அறைக்குப் புதுக் கூரை போட்டார்கள். பழைய தகரத்தை எனக்கு விலைக்குக் கொடுத்தார்கள். ஆணி ஓட்டைக்குத் தார் வைத்தால் போதும். தகரத்தில் இன்னும் ஏலக்காய் வாசம் இருக்கிறது. ராமுத்தாய் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, “நம்ம வீட்டுக் கூரை ஒரு வருஷத்துக்குப் பாயசம் மணக்கும்” என்றாள்.

மே 5, ஞாயிறு

கூரை ஏறிவிட்டது.

பக்கவாட்டில் தகரத்தின் விளிம்பும் சுவரின் விளிம்பும் ஒன்றாக நிற்கின்றன. கத்தி வைத்து வெட்டினது போல. பாண்டி கீழே இறங்கி, தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். “அண்ணாச்சி, ஒரு விரக்கட வீணில்ல. எஞ்சினீயர் தோத்தான்.” முன்னாலும் பின்னாலும் தகரத்தை நீட்டி இறவாரம் இறக்கியிருக்கிறோம், லயத்தில் இருப்பது போலவே. இரண்டு தகரம் மிச்சம். அதைக் குளிக்கிற மறைப்புக்கு வைத்தோம். ராமுத்தாய் முப்பத்தொரு வருஷமாகச் சாக்கு மறைப்பில் குளித்தவள்.

மே 26, ஞாயிறு

பால் காய்ச்சினோம். வைகாசி, நல்ல நாள். அழகுத்தாய் பிள்ளைகளோடு கம்பத்திலிருந்து வந்தாள். லயமே வந்தது. பால் கிழக்கே பொங்கியது.

எல்லோரும் போன பிறகு ராமுத்தாய் மேற்குச் சுவர் ஓரமாகப் பாயை விரித்தாள். லயத்திலும் அவள் மேற்குச் சுவர் ஓரம்தான். அந்தப் பக்கம் பாண்டியின் பெண்சாதி ராசம்மாள் படுப்பாள். இரண்டு பேரும் சுவரைத் தட்டித் தட்டிப் பேசிக்கொள்வார்கள். புளி வேண்டுமானாலும் தட்டுதான், காய்ச்சல் வந்தாலும் தட்டுதான். இன்று இவள் படுத்தவாக்கில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தானே சிரித்தாள்.

“அந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லயேன்னு மறந்து போச்சு.”

“வெட்டவெளிதான் இருக்கு.”

“வெட்டவெளி புளி தருமா?”

மே 31

ரிட்டையர். மேனேஜர் ரிஜிஸ்டரை நீட்டினார். கிளார்க் பழக்கத்தில் கைநாட்டு மைப்பெட்டியைத் தள்ளினார். நான் பேனா கேட்டேன். என் பெயரை முழுதாக எழுதி முடிக்கும்வரை ஆபீசில் எல்லோரும் நின்றார்கள். அவசரப்படவில்லை நான்.

ஜூன் 8

மழை பிடித்துவிட்டது. நாங்கள் உள்ளே இருக்கிறோம். அது வெளியே இருக்கிறது.

ஜூன் 19

மழை. மேற்குச் சுவர் உள்பக்கம் கறுத்திருக்கிறது. ராமுத்தாய், “சுவரு வேர்க்குது பாரும்” என்றாள். பச்சை மண் இன்னும் முழுக்கக் காயவில்லை, முதல் மழையில் அப்படித்தான் இருக்கும் என்றேன். எனக்கு என்ன தெரியும் என்று அப்படிச் சொன்னேன்?

ஜூன் 30, ஞாயிறு

இரண்டு நாள் வெயில். சுவர் வெளுத்தது. நான் சொன்னது சரி.

ஜூலை 6

மறுபடி மழை. காற்றோடு சாய்ந்து சாய்ந்து அடிக்கிறது. நாலு நாளாக விடவில்லை. மேற்குச் சுவர் கை வைத்தால் ஒட்டுகிறது. சாணியும் செம்மண்ணும் குழைத்து உள்பக்கம் முழுக்கப் பூசினேன். லயத்தில் ஈரம் வந்தால் அதைத்தான் செய்வோம். ராமுத்தாய்க்குக் காய்ச்சல். பாயைக் கிழக்கே போடு என்றேன். “அங்க அடுப்புப் புகை” என்றாள். விட்டுவிட்டேன்.

ஜூலை 12, கம்பம்

ஆஸ்பத்திரி வராண்டாவில் இருந்து எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி காலையில் நாணு வீட்டுக்கு மோர் வாங்கப் போனேன். கஷாயம் கசக்குது, மோர் இருந்தா நல்லாருக்கும்னு கேட்டா. அவ்வளவுதான் தூரம். திரும்பி வரும்போது வீடு நின்றது. கூரையும் நின்றது. ஆனால் உள்ளே வெளிச்சமாக இருந்தது. எப்படி இவ்வளவு வெளிச்சம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நடந்தேன், ஓடவில்லை. மேற்குப் பக்கம் சுவர் இல்லை.

உள்பக்கமாகத்தான் விழுந்திருக்கு. அவ மேலதான்.

நாணுவும் அவர் மகன்களும் வந்தார்கள். கையால்தான் அள்ளினோம், மண்வெட்டி போட்டால் பட்டுவிடும். இடுப்பும் நெஞ்சும் நசுங்கியிருந்தது. வாயில் மண். நாந்தான் விரலை விட்டு எடுத்தேன். எஸ்டேட் ஜீப்பில் கம்பம் மெட்டு வழியாக இறக்கினார்கள். வளைவில் ஒவ்வொரு தடவையும் அவள் சத்தம்.

இன்று கண் திறந்தாள். “மோர் எங்க?” என்றாள்.

“சிந்திப் போச்சு தாயி” என்றேன். எங்கே சிந்தியது என்று எனக்கே தெரியவில்லை.

ஜூலை 15

அழகுத்தாய் வெளியே வைத்துக் கேட்டாள். “ஏம்ப்பா, மண்ணு ஈரம்னு தெரியும்ல? பெறகு ஏன் அங்க படுக்க விட்ட?”



ஜூலை 17

ராமுத்தாய் காலையில் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பதினாறு முடிந்தது. மகள் இங்கேயே இருக்கச் சொல்கிறாள். மாப்பிள்ளையும் சொன்னார். நல்ல மனிதர். நான் மலைக்கு ஏறிவிட்டேன்.

வீட்டில் மூன்று சுவர் நிற்கிறது. நாணு குடையோடு வந்து, விழுந்த பக்கத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

“மூப்பரே, இந்தப் பக்கம் தகரம் ஏன் நீட்டல?”

“எந்தப் பக்கம்?”

“ரெண்டு பக்கமும். மழை சுவத்துலயல்லே அடிக்குது. எங்க வீட்டப் பாருங்க, ரெண்டு முழம் வெளிய நிக்கும். நீங்க பெறகு நீட்டுவீங்கன்னு நான் நெனச்சு. மிச்சத் தகரம் கெடந்ததல்லே.”

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை, இது ஒரு மனிதனுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று.

ஆகஸ்ட் 6

நேற்று முழுக்க யோசித்தேன். இன்று மழைக்குள் லயத்துக்கு நடந்தேன். பாண்டியைப் பார்க்கப் போகவில்லை. லயத்தின் கடைசிக்குப் போனேன்.

மொத்தம் பத்து காம்பிரா. எங்களுடையது ஆறாவது. இந்தப் பக்கம் ஐந்து காம்பிரா, அந்தப் பக்கம் நாலு காம்பிரா தாண்டித்தான் மழை. எங்கள் பக்கச் சுவர் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சொட்டு நனைந்ததில்லை. அந்தப் பக்கம் ராசம்மாள், இந்தப் பக்கம் வேறு குடும்பம். பக்கத்தில் மழை அடிக்கும் என்பதே என் புத்தியில் இல்லை. வேலைக்கு வந்த ஆறு பேரும் நடுக் காம்பிராக்காரர்கள். கடைசிக் காம்பிராவில் இருப்பவன் ஒருவன் வந்திருந்தால் கேட்டிருப்பானோ?

பத்தாவது காம்பிராவின் வெளிப்பக்கம் நின்று பார்த்தேன். கருங்கல் சுவர். அதற்கே தகரத்தை ஒன்றரை முழம் வெளியே நீட்டி, கட்டை கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அடியில் விறகு அடுக்கியிருந்தது. விறகு காய்ந்து கிடந்தது.

இந்த வழியாகத்தான் நான் தினமும் தண்ணீருக்குப் போனேன். முப்பத்தொரு வருஷம். மழை வந்தால் இதற்கு அடியில் ஒதுங்கி நின்றிருக்கிறேன், பீடி குடித்திருக்கிறேன். ஒரு நாளாவது தலையைத் தூக்கி, இது எதுக்குடான்னு கேட்டேனா? கேக்கல. மழ படாம நின்னா சரின்னு நின்னேன்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ போய்ப் பாண்டியிடம் சொல்லியிருக்கிறார்கள். வந்தான். நான் கையை மேலே காட்டினேன். அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

“நாந்தான அண்ணாச்சி, எஞ்சினீயர் தோத்தான்னு சொன்னேன்.”

இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

செப்டம்பர் 22

எழுதவில்லை இத்தனை நாள். எழுதத் தெரியாமல் இருந்தபோது இப்படி ஒவ்வொரு நாளும் தனித்தனியாகக் கிடக்காது. எல்லாம் ஒரே மூட்டையாகப் போய்விடும். இப்போது மே 5 என்று திருப்பினால் மே 5 இருக்கிறது. “ஒரு விரக்கட வீணில்ல.” என் கையெழுத்து நல்ல தெளிவாக இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

மேற்குப் பக்கம் மூங்கில் தட்டி கட்டி ஏலச்சாக்கு போர்த்தியிருக்கிறேன். குளிர் வருகிறது. அழகுத்தாய் கடிதம் போட்டிருந்தாள், வந்துவிடு என்று. நானே படித்தேன். நானே பதில் எழுதினேன். தைப் பொங்கலுக்கு வருகிறேன், இருக்க வரவில்லை என்று. முதல் கடிதம். டீச்சரிடம் காட்டாமல் தபாலில் போட்டேன். தபால் பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்டு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

1975 பிப்ரவரி 9, ஞாயிறு

பாண்டிக்கு வருகிற மே மாதம் ரிட்டையர். நாணுவிடம் என் இடத்துக்கு மேலே ஐந்து சென்ட் வாங்கியிருக்கிறான். கயிறு பிடிக்க என்னைக் கூப்பிட வந்தவன், வாசலிலேயே நின்றான். கூப்பிடலாமா என்று அவனுக்குச் சந்தேகம். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

மண் மிதித்துக் கொடுக்கிறேன். கால் முன் போல இல்லை. லயத்து ஆட்கள் என்னைப் பார்த்தால் பேச்சைக் குறைக்கிறார்கள். போகட்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பாண்டி வீட்டுக்குக் கூரை. ஏணியில் நான்தான் ஏறினேன், வேண்டாம் என்றார்கள். பக்கவாட்டுக் கூரைக் கட்டையை வெளியே நீட்டிப் பிடித்தேன்.

“ஒரு முழம் போதும் அண்ணாச்சி. தகரம் பத்தாது.”

“மேக்கால யாரு படுப்பா?”

கீழே நின்றவன் ராசம்மாளைப் பார்த்தான். ராசம்மாள்தான் சொன்னாள். “நாந்தான் அண்ணாச்சி. எனக்குச் செவுரு இல்லாம ஒறக்கம் வராதுல்லா.”

“ரெண்டு முழம்” என்றேன்.

தகரம் பத்தவில்லை. என் குளிக்கிற மறைப்பைப் பிரித்து எடுத்து வந்து அடித்தோம்.