மற்றும் பிறர்

ஜூன் 9, திங்கள்

வெயில் கொளுத்துது. உப்பு லோடு மூணு நடை. வண்டிக்கு பின் டயர் பஞ்சர். ஊரே குட்டியானைன்னு கூப்பிடற வண்டி, மேட்டுல ஏறச் சொன்னா கொசு மாதிரி அழுவுது. ஓட்டறவன் மாதிரியே.

சாயங்காலம் வந்தா வாசல்ல பாப்பா செருப்பு. கல்யாணமாகி பொம்மையார்பாளையம் போனவ, வேலை நாள்ல, பையோட. என்னன்னு கேட்டேன். சோறு தின்னா. அப்புறம் சொன்னா.

பாப்பா காலேஜ் நூலகர். லைப்ரரி வாசல்ல ஒரு ரேக் வெச்சிருக்கா. உப்பளத்து ஊருப் பசங்க கவுண்டருக்கு வரக் கூச்சப்படறாங்கன்னு, அங்க இருந்து கையெழுத்து போடாமயே புக்கு எடுத்துட்டுப் போலாம். பாதி திரும்பி வரல. அதையே கட்டுரையா எழுதியிருக்கா, நூலகருங்க சங்கத்துப் பத்திரிகைக்கு. முதல் கட்டுரை. மாமனார்கிட்ட ஒரு தடவை பாத்துக் குடுங்கன்னு குடுத்திருக்கா. அவரும் ரிட்டயர்டு காலேஜ் நூலகர். டாக்டர் பட்டம். காலிங் பெல்லுக்கு மேலயே எழுதி வெச்சிருக்காரு.

சிவப்பு பேனாவுல கமா போட்டாராம். ஒரு இடத்துல வட்டம் போட்டு "ஏன் திரும்பி வரல? கேட்டு எழுது"ன்னாராம். அப்புறம் மேல முதல்ல தன் பேரு. அடுத்து அவரோட பழைய மாணவர், இப்ப பேராசிரியர், வெயிட்டுக்கு. மூணாவதா பாப்பா.

"பேரு இருக்குதுல்ல, மூணாவது இருந்தா என்ன?"ன்னேன்.

"நாளைக்கு இதப் படிச்சுட்டு எழுதறவங்க முதல் பேர மட்டும் போட்டு 'மற்றும் பிறர்'னு முடிச்சிருவாங்கப்பா. என் லைப்ரரி, என் ரேக்கு. நான் பிறர்."

சம்பந்திய இனிமே ச.ன்னு தான் எழுதப் போறேன். முழுசா எழுதற மரியாதை கையில இல்ல.

ஜூன் 10

வாங்க வேண்டியது: ட்யூப். பூண்டு. பாப்பாவுக்கு தலைவலித் தைலம். பெரிய டப்பாவா, எனக்கும்.

இந்தக் கட்டுரையெல்லாம் எப்படித்தான் ஆரம்பிப்பாங்கன்னு கேட்டேன். ஆன்லைன் வகுப்புல ஒரு மேடம் சொல்லிக் குடுத்தாங்களாம். பெரிய பத்திரிகைக்கு எடுத்த எடுப்புல ஓடாத. உன் கையால செஞ்சத எழுது. எங்க அனுப்பப் போறியோ அவங்க பழைய இதழையெல்லாம் முதல்ல படி. ஒரு நேரத்துல ஒரு இடத்துக்கு தான் அனுப்பணும்.

"அந்த வயசுல எனக்கு யாரும் இத சொல்லல. ஒரே லெட்டர ரெண்டு தெருவுக்கு அனுப்பினேன்"னு சொன்னேன்.

சமையல்கட்டுல பாத்திரம் விழுந்துச்சு. வீட்டுக்காரி. மத்தியானம் ரசம் மட்டும்.

ஜூன் 12

ச. வீட்டுக்குப் போனேன். பாப்பாகிட்ட சொல்லல. வெறுங்கையோட போகக் கூடாதுன்னு ஒரு பை உப்பு. வேற என்ன இருக்குது நம்மகிட்ட.

"சம்பந்தி, இது லோடு ஏத்தற வேலை இல்லீங்க. எத்தன கட்டுரை போட்டவன் நான்! வழி காட்டறவன் பேரு முன்னாடி வர்றது வழக்கம்."

"எங்க தொழில்ல அத கிளீனர் பாத்துக்குவான் சம்பந்தி. பின்னாடி நின்னு 'வரட்டும் வரட்டும்'னுவான். ஆர்.சி. புக்குல அவன் பேரு வராதுங்க."

மாப்பிள்ளை போன்ல இருந்து தலைய எடுக்கல. ச. காபிய என் பக்கம் தள்ளினாரு. ஆறின காபி.

"கல்யாணப் பத்திரிகையில எங்க பேர முன்னாடி போட்டப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

அந்தக் காபிய ஒரே மடக்குல குடிச்சுட்டுக் கிளம்பினேன். கோட்டக்குப்பத்துல லோடு இறக்கினப்ப தான் பதில் தோணுச்சு. வண்டிக்குள்ள தனியா சத்தமா சொல்லிப் பாத்தேன். பிரமாதமா இருந்துச்சு.

ஜூன் 13

மாப்பிள்ளை போன்ல சொல்லிட்டாரு போல. "உன்ன யாருப்பா போகச் சொன்னா?" அவ்வளவு தான். சட்னிய கூட அவங்கம்மா வழியா கேக்கறா.

டீக்கடைல பேனர் அடிக்கிற நாசர். யார் படம் எங்க வரணும்னு ரெண்டு கட்சிக்காரங்க அவன்கிட்ட சண்ட. அவங்க போனப்புறம் சொன்னான்: "மேல யாரு பேரு வருதோ அவங்க விசேஷம்ணே. கீழ வர்றவங்க வாழ்த்தறவங்க. அடிச்சு மாட்டிட்டா அப்பறம் யாரும் மாத்த முடியாது."

எனக்கு பல்பு எரிஞ்சுது. நமக்கு எரியறதே எப்பவாச்சும் தான். அவன்கிட்டயே ரெண்டு பேனர் சொன்னேன்.

மேல: "முதல் ஆய்வுக் கட்டுரை படைத்த நூலகர் கௌசல்யா அவர்களை வாழ்த்துகிறோம்." கீழ: "வாழ்த்தும் அன்பு மாமனார்"னு ச. படம், கல்யாண ஆல்பத்துல இருந்து. பேராசிரியருக்கு இடமே இல்ல.

"பாப்பா படம் வாட்ஸ்அப்ல வந்தது. பெருசு பண்ணா புள்ளி புள்ளியா வருது. உங்க சம்பந்தி கோட்டு போட்டுக்கினு சூப்பரா இருக்காருண்ணே."

"அப்ப அவரையே பெருசா போடு, பாப்பாவ ஓரத்துல சின்னதா. குளுந்து போவாரு."

ஜூன் 15

ஒண்ணு ச. வீட்டுக்கு எதிர்ல. இன்னொண்ணு மரக்காணம் பஸ் ஸ்டாண்டுல.

பத்து மணிக்கு ச. போன். அக்கம்பக்கம் எல்லாம் வந்து கை குடுத்துட்டுப் போறாங்களாம், "மருமக கட்டுரை எழுதியிருக்காங்களாமே"ன்னு. கத்தவும் முடியல மனுஷனால. "வாழ்த்தறவன்னு போட்டுட்டீங்க. நல்லது சம்பந்தி. வாழ்த்திட்டுப் போறேன்." வெச்சுட்டாரு. கத்தியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

நான் ஜெயிச்ச தெம்புல வீட்டுக்கு வந்தா பாப்பா நிக்கறா. "இன்னும் அனுப்பவே இல்லப்பா! அவங்க ஏத்துக்குவாங்களான்னே தெரியாது! திருப்பி அனுப்பினா அந்த ரோட்டுல எப்படி நடப்பேன்?"

இது எனக்குத் தோணவே இல்ல. எழுதினா வரும்னு நெனச்சேன்.

சாயங்காலமே அனுப்பிட்டா. தன் பேர் மட்டும் போட்டு. "வேற வழி வெச்சியா நீ?" அப்புறம் பையத் தூக்கிட்டு மாமியார் வீட்டுக்கு. டாட்டா கூட இல்ல.

ஆகஸ்ட் 4

புழுக்கம். பத்திரிகைல இருந்து பதில் வந்துச்சுன்னு பாப்பா வந்தா. ரெண்டு பேரு படிச்சுப் பாத்தாங்களாம். ஒருத்தர் நல்லா இருக்குதுன்னுட்டாரு. இன்னொருத்தர் கிழிச்சுத் தொங்க விட்டுட்டாரு. புக்கு ஏன் திரும்பி வரலன்னு விசாரிக்காம இது கட்டுரையே இல்லயாம். திருத்தினா தான் போடுவாங்களாம்.

"யாரு அந்த ரெண்டாவது ஆளு? எந்த ஊரு?"

"பேரு சொல்ல மாட்டாங்கப்பா. அது தான் முறை."

"பேரே போடாம திட்டறானா! ச. தேவலாம்டி."

அப்ப தான் எனக்கு உறைச்சுது. ச. போட்ட சிவப்பு வட்டம். அதே கேள்வி. கேக்கறதுக்கு கசப்பா இருந்தாலும், மனுஷன் தொழில் தெரிஞ்சவரு தான்.

அத எப்படி எழுதறதுன்னு நேத்தே அவரப் போய் கேட்டாளாம். பேப்பர மடிக்காமயே சொன்னாராம்: "என் வேலை வாழ்த்தறது மட்டும் தானேம்மா. உங்கப்பா ரோட்டுலயே எழுதி மாட்டியிருக்காரே."

ஆகஸ்ட் 6

காலைல தூறல், உப்பு லோடு இல்ல. பாப்பா லீவு போட்டுட்டு வந்து வண்டில ஏறினா. "எடுத்தவங்க மூஞ்சி எனக்கு ஞாபகம் இருக்குது. காலேஜ் ரெஜிஸ்டர்ல விலாசம் எடுத்துட்டேன். வீடு வீடாப் போய் கேப்போம். நீ மட்டும் வாயத் திறக்காதப்பா." சரின்னேன்.

முதல் வீடு. பையன் இல்ல, அவங்கம்மா மட்டும். புக்கு மிக்ஸி பக்கத்துல, பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா.

"திருப்பிக் குடுக்கணுமாம்மா? லேப்டாப்பு, சைக்கிள்லாம் சும்மா குடுக்கறாங்கல்ல, அந்த மாதிரி தான் இதுவும்னு எடுத்தாந்தான். அவனுக்குன்னு குடுத்ததாச்சேன்னு கவர் போட்டு வெச்சேன்."

பாப்பா கடகடன்னு எழுதினா. அவ மூஞ்சில சிரிப்பப் பாத்து ரெண்டு மாசம் ஆச்சு. நானும் சிரிச்சேன், வாயத் திறக்காம.

அந்தம்மா பாப்பாவ உத்துப் பாத்தாங்க. "உங்கள எங்கியோ பாத்திருக்கனே... ஆங், பஸ் ஸ்டாண்டு பேனரு! கோட்டு போட்டுக்கினு ஒரு பெரியவரு, கட்டுரை எழுதினவரு. அவரு மருமக தானே நீங்க?"

பாப்பா என் பக்கம் திரும்பினா.

வண்டி சாவியத் தேட ஆரம்பிச்சேன். கையிலயே இருந்துச்சு.