கயிற்றுக்கு வெளியே நின்றவருக்கு

"கண்ணாடியைக் கழட்டிட்டு உக்காருங்க சார்" என்று சத்துவாச்சாரி கண் மருத்துவமனையில் அந்தப் பெண் சொன்னபோது, மச்சான், என் கை காதோரம் அப்படியே நின்றுவிட்டது. வெளியே யாரோ பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடையும் அந்தச் சொல்லும் சேர்ந்து என்னைப் பழைய அலைக்குளத்தின் கரைக்கே இழுத்துப் போயின. கண்ணாடி இல்லாவிட்டால் ஒரு முழத்துக்கு அப்பால் எனக்கு உலகம் வெறும் நிறம். உங்களுக்குத் தெரியாததா?

அன்று உங்கள் தங்கைக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. பல நாளாகக் கேட்டு அழுத ஏழு வயது மகளை நீங்களும் நானும்தான் அந்தத் தண்ணீர்ப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். ஆம்பூரிலிருந்து நீங்கள் கட்டி வந்த பிரியாணிப் பொட்டலத்தை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லையாம். சொந்த உடையில் தண்ணீருக்குள் இறங்கக் கூடாதென்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நீலத்தில் நைலான் உடை கொடுத்தார்கள். அலைக்குளத்தின் அருகே காவலாளி உங்களை நிறுத்தினான்.

"கையில இன்னாங்க இது?"

தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று வெளுத்து, வெடித்து, காய்ப்பேறிய கைகள். ஒட்டிக்கொள்ளாது என்று பொறுமையாக விளக்கினீர்கள். சரும நோய் உள்ளவர்கள் இறங்கக் கூடாது என்ற பலகையை அவன் காட்டினான். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவன் என்ற திமிரில் நான் ஆங்கிலத்தில் சண்டை போட்டேன். மேலாளர் வந்து, வேண்டுமானால் குளத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நிற்கட்டும் என்றார்.

"உடுங்க மாப்ளே. வருஷம் பூரா தண்ணியிலதான் நிக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் லீவு."

அடுத்து காவலாளி என்னிடம், மூக்குக் கண்ணாடியோடு இறங்கக் கூடாது என்றான். கழற்றி உங்களிடம் கொடுத்தேன்.

சங்கு ஊதியதும் அலை வந்தது. முதல் அலையில் பாப்பா சிரித்தாள். மூன்றாவதோ நான்காவதோ, என் கையிலிருந்து அவள் கை சோப்பைப் போல வழுக்கிப் போனது. சுற்றிலும் நீலம். தண்ணீரும் நீலம், பிள்ளைகளும் நீலம். பாய்ந்து ஒரு குழந்தையைப் பிடித்துத் தூக்கினேன். யாருடைய பிள்ளையோ, வீறிட்டது. அதன் அம்மா என்னைத் திட்டினாள். ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. அவள் பெயரைக் கத்தினேன், அந்தப் பாட்டில் அது எனக்கே கேட்கவில்லை. என் பெண் பக்கத்திலேயே எங்கோ முழுகிக்கொண்டிருக்கிறாள், நான் பார்த்துக்கொண்டே பார்க்காமல் நிற்கிறேன். அந்தப் பயத்துக்கு இன்றுவரை எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

"மாப்ளே, லெஃப்ட்ல! பின்னாடி, பின்னாடி!"

உங்கள் குரல். திரும்பினேன். அதற்குள் விசில் கேட்டது. குழந்தையைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை, மச்சான். நீங்கள் சட்டையோடு கயிற்றைத் தாண்டிக் குதித்ததற்காக ஊதிய விசில் அது.

பாப்பாவைக் கரையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினீர்கள். அவள் தண்ணீரைக் கக்கி அழ ஆரம்பித்தாள். ஒரு பெண்மணி உங்கள் கைகளைப் பார்த்துத் தன் மகனை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். மேலாளர் நம்மை வெளியேறச் சொன்னார். நீங்களோ கைகூப்பி, "தப்புதாங்க, மன்னிச்சிருங்க" என்றீர்கள். அவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை. நீங்கள் கைகூப்பியதையும் மன்னிக்க முடியவில்லை.

பஸ்ஸில் சட்டைப் பையிலிருந்து ஒரு காம்பு வளைந்த கண்ணாடியை எடுத்துக் கொடுத்தீர்கள். பாப்பா உங்கள் மடியில் உங்கள் விரலைத் தடவிக்கொண்டே, "மாமா கை சொரசொரன்னு இருந்துச்சா, அதான் வழுக்கவே இல்ல" என்றாள். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

போன வருடம் சவப்பெட்டிக்குள் உங்களைக் கிடத்தியபோது கைகளுக்கு வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள். அது வழக்கம்தான். ஆனால் உறவுக்காரர் ஒருவர், "நல்லவேளை, கை தெரியல" என்று முணுமுணுத்தார். நான் இரண்டையும் உருவி எறிந்தேன். பாதிரியார் ஜெபத்தை நிறுத்தினார். அந்த உறவுக்காரர் இன்றும் என்னோடு பேசுவதில்லை, நல்லது.

கண் மருத்துவமனைக்குப் பாப்பாதான் கூட வந்திருந்தாள். இப்போது என் தோள் உயரம். கண்ணாடியை அவளிடம் கொடுத்ததும் அறை முழுவதும் கலங்கியது. அவள் என் கையைப் பிடித்து நாற்காலிக்கு நடத்தினாள். மிருதுவான கை, என் கையைப் போலவே. எத்தனை இறுக்கிப் பிடித்தாலும் இப்படிப்பட்ட கைகள் வழுக்கிவிடும் என்று எனக்குத் தெரியும். பேசிக்கொண்டே இரு என்று அவளிடம் சொல்லிவிட்டு, அன்று நீங்கள் கத்திக் காட்டிய இடது பக்கமாகக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.