வெறும் ஊர்தி அலை

நாள் 112 / 08:40
இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். இடம்: வியாழனின் நிலா யூரோப்பா, பனித்தளம். வெளி வெப்பம் சுழியத்துக்குக் கீழே நூற்றறுபது, மின்விசிறி தேவைப்படவில்லை. எழுதுபவர் ஜெசிந்தா, வயது பதினாறு, தளப் பொறுப்பாளர். அம்மாவும் மற்றவர்களும் சுற்றுக்கலத்தில் ஏறி வியாழனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதால் கிடைத்த பதவி. அண்ணன் கஸ்பார் பனிவண்டியில் துளைக்கிணற்றுக்குப் போயிருக்கிறான். மாலைக்குள் வந்துவிடுவான்.

09:30
வியாழன் கக்கிய கதிர்வீச்சில் டிஜிட்டல் ரேடியோ செட் போன மாதமே மண்டையைப் போட்டது. அன்றிலிருந்து இங்கும் பனிவண்டியிலும் பழைய ஏ.எம். செட்தான். வீச்சுப் பண்பேற்றம். எனக்குப் பண்பே ஏறாது என்பான் அண்ணன், பெட்டிக்காவது ஏறட்டும்.

வேலை எளிது. செட் ஒரே சீரான அலையை அனுப்புகிறது. அது ஊர்தி அலை, ஊமை. நான் பேசினால் குரல் ஏறி இறங்குகிறபடி அலையின் உயரமும் ஏறி இறங்கும். அண்ணனின் செட் அந்த உயரங்களின் விளிம்பை மட்டும் பிரித்தெடுக்கும். அந்த விளிம்புதான் என் குரல். வியாழனின் மின்னலும் உயரத்தைத்தான் கலைக்கிறது. அதனால் பேச்சுக்கு நடுவே அப்பளம் நொறுங்குகிறது.

பேசும் பட்டனை அமுக்கிக்கொண்டு பேசாமலே இருந்தால்? வெறும் ஊர்தி. அவன் பக்கம் இரைச்சல் அடங்கி, அலையின் பலம் காட்டும் முள் மட்டும் எழும்பி நிற்கும். வெறி பிடித்துவிடும் அவனுக்கு. இது என் தினசரி சேவை. அமுக்கியிருக்கும்வரை செட் அனுப்ப மட்டும் செய்யும், எனக்குக் காது கிடையாது என்பதால் திட்டும் விழாது.

13:05
பனியதிர்வுக் கருவி அலறுகிறது. அண்ணன் திரும்பும் வழியில், முகட்டுக்கு அந்தப் பக்கம், பனி பிளந்திருக்கிறது. மேலே மெல்லிய மூடி. வண்டியிலிருந்து பார்த்தால் தெரியாது. வடக்கே சுற்றினால் தப்பலாம். அமுக்கினேன்.

"அண்ணே, முகட்டு வழியா வராத! வடக்க சுத்தி வா!"

விட்டேன்.

"ஏட்டி, ஆரம்பிச்சிட்டியா? முள்ளு நிக்கி, பேச்சக் காணும். பட்டன விடுட்டி."

13:20
செட்டைத் திறந்தேன். குரலை அலையில் ஏற்றும் பலகை கருகிவிட்டது. அலையைக் கிளப்பும் பகுதி மட்டும் சௌக்கியம். மாற்றுப் பலகை இருக்கிறது. பனிவண்டியில்.

13:35
பட்டனையே தட்டினேன். மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில். தந்தி மொழியில் எங்கள் இருவருக்கும் தெரிந்தது இது ஒன்றுதான்.

"எஸ்.ஓ.எஸ்.ஸா? போன வாரம் ஊறுகா தீந்ததுக்கும் இதத்தான அடிச்ச? நான் பதறி ஓடியாந்தேன்."

திரும்பத் தட்டினேன். திரும்ப.

"ஜெசி, நெசமாவே ஏதும்னா வாயத் தொறந்து சொல்லு."

நேரம் கொடுத்தான். காத்திருந்தான். வாயைத் திறந்தேன். கத்தினேன். அலை அசையவே இல்லை.

"சொல்ல மாட்ட. சரிட்டி, கெணத்துல இருந்து கெளம்பிட்டேன். செட்ட அணைக்கேன். ஒன் பங்கு முறுக்க நாந்தான் திங்கப்போறேன்."

14:10
வேறு வண்டி இல்லை. நடந்தால் உடையில் இருக்கும் காற்று முகடு வரை வராது. தள விளக்குகளை அணைத்து அணைத்துப் போட்டேன். முகடு மறைக்கிறது. இருந்தும் போடுகிறேன்.

14:55
தட்டுகிறேன். விட்டுக் கேட்கிறேன். அப்பளம். தட்டுகிறேன். அணைத்த செட்டுக்கு எதை அனுப்பி என்ன. கை நிற்க மாட்டேன் என்கிறது.

15:50
அவன் முகட்டை நெருங்கும் நேரம். முள் எழும்பியது! செட்டைப் போட்டுவிட்டான்!

பேசவில்லை. இரைச்சல் அடங்கியிருக்கிறது. அவன் பட்டன் அமுங்கியிருக்கிறது.

பழிக்குப் பழி. அதேதான். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பான். அவன் பலகை கருகவில்லை, கிளம்பும்போதுகூடப் பேசினானே. சிரித்தால் கேட்கும். மூச்சு விட்டால் கேட்கும். காதை ஒட்டி வைத்திருக்கிறேன்.

அலையில் மூச்சுக்கூட ஏறவில்லை.

தட்டிப் பார்த்தேன். அமுக்கியிருப்பவனுக்குக் காது கிடையாது.

17:20
முள் அப்படியே நிற்கிறது. இரண்டு முறை கருவி அதிர்ந்தது. முள் நிற்கிறது.

முறுக்கு முழுக்க உனக்குத்தான்.

அண்ணே, நீ ஜெயிச்சிட்ட. பட்டன விடு.