சுமாத்திராவில் நீங்கள் வெட்டிய கிணறு

சித்தப்பா,

திங்கட்கிழமை எங்கள் கட்டடம் முழுவதும் நாறியது. பள்ளிக்கூடம் விட்டு மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவிலிருந்து ஏறி வந்தால், வாசலில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கார்டியன் மதாம் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். உள்ளே என்ன செத்துக் கிடக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டார். பெட்டியின் மேல் உங்கள் பெயர் இருந்தது. முத்திரை இந்தோனேசியா.

அம்மா அதை வீட்டுக்குள் விடவில்லை. "கருவாடெண்டாலும் இப்பிடி நாறாது. திறக்காதை பிள்ளை, பல்கனியிலை வை" என்றா. ஆனால் எனக்கு அது என்ன மணம் என்று படியிலேயே தெரிந்துவிட்டது. ஒருநாளும் மணந்ததில்லை, கேட்டதுதான். உறைந்த ரப்பர்ப் பாலின் நாற்றத்தைப் பற்றி நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள்: "அந்த மணம் வந்தால் அந்த வீட்டிலை சோறிருக்கு எண்டு அர்த்தம்." நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பல்கனிக்கு ஓடினேன்.

ஏழு பிளாஸ்டிக் பைகள், ஒன்றுக்குள் ஒன்றாக. கடைசிப் பைக்குள் என் கைமுட்டியளவு சாம்பல் நிறக் கட்டி. அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் திரும்பி வந்தது. கூடவே ஒரு படமும் ஒரு பக்கக் கடிதமும்.

படத்தைப் பார்த்ததும் பல்கனியிலேயே குந்திவிட்டேன். ஏனென்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டவள் நான்தான்.

நீங்கள் எங்களிடம் வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. ஆஸ்திரேலியாவுக்கென்று 2009இல் ஏறிய படகு பழுதாகி இந்தோனேசியாவில் இறங்கினீர்கள், லொறிக்காரர் ஒருவரோடு சுமாத்திராவின் உள்ளுக்குள் போனீர்கள், ஆறு வருசம் இருந்தீர்கள் என்பதைத்தான் அப்பா சொல்லியிருந்தார். மிச்சத்தை நான் உங்களிடம் கேட்டுக் கேட்டு எடுத்தேன். ரெஸ்ரோறன்டில் மத்தியான வேலை முடித்து, இரவு வேலைக்குப் போகுமுன் இரண்டு மணித்தியாலம் எங்கள் முன்னறையில், சலோனில், கால் நீட்டிப் படுப்பீர்கள். நான் கொப்பியும் பென்சிலுமாகப் பக்கத்தில் வந்து குந்துவேன். "பொலிஸ்காரி வந்திட்டா" என்று சொல்லிக்கொண்டே எழும்பி இருப்பீர்கள்.

அந்த ஊரை நான் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன். ஜாவாவிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய சனம். ஒரே மாதிரிப் பலகை வீடுகள் நேர்கோட்டில். ரப்பர் மரம் பால் தர ஆறேழு வருசம் எடுக்கும். அதுவரை கன்று வரிசைகளுக்கிடையில் மரவள்ளியும் மேட்டுநெல்லும் போட்டுச் சாப்பிடுவார்கள். பால் வந்த பிறகு விடிய முன்னமே எழும்பிப் பட்டையைச் சீவிச் சிரட்டை கட்டுவார்கள், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். வாரத்தில் ஒருநாள் லொறி வரும், அன்றைக்குத்தான் சந்தை. மழையில் றோட்டுச் சேறானால் லொறியும் இல்லை, சந்தையும் இல்லை, மரவள்ளிதான். ஒருவர் காணியைத் துப்புரவாக்க எல்லாரும் போவார்கள், அடுத்த நாள் அடுத்தவர் காணி. அழைத்தவர் சமைத்துப் போட்டால் போதும்.

உங்களுக்குத் தன் காணியின் ஓரத்தில் ஒரு வரிசை கன்று நட இடம் தந்தவர் அந்த ஊர்க்காரர் வாகியோ. அந்த ரப்பர்க் கன்றுகளுக்கு நீங்கள் வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றினீர்கள். நாள் தவறாமல் மழை பெய்யும் ஊரில். "மழைக்கை நிண்டு தண்ணி ஊத்துறாய், குடையும் பிடிச்சு விடன்" என்று வாகியோ கேட்டாராம். பிறகு தோட்டத்துக்குள்ளேயே கிணறு வெட்டத் தொடங்கினீர்கள். வீட்டுக்குக் கிணறு இருக்கிறது, ரப்பருக்கு எதற்கு என்று ஊரே வந்து நின்று சிரித்தது.

"கிணறில்லாத காணியை எங்கடை பக்கம் ஆர் தோட்டமெண்டு சொல்லுவினம்?" என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள், நான் என்னவோ அந்த ஊர்க்காரி மாதிரி.

அதற்கப்புறம் மழையே வராத அந்த வருசம். காடு எரிந்து, பகலிலும் புகை. மேட்டில் இருந்த வீட்டுக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்ற, பள்ளத்தில் நீங்கள் வெட்டியதில் மட்டும் தண்ணீர் நின்றது. சிரித்த சனமெல்லாம் வாளியோடு வரிசையில் நின்றதாம். "ஆறு வருசத்திலை நான் செய்த ஒரே வேலை அந்தக் கிணறுதான்" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று எழும்பிப் போனீர்கள்.

போன வருசம் புவியியலில் வகுப்புக்கு முன்னால் நின்று பேசும் எக்ஸ்போசே செய்யச் சொன்னார்கள். நான் உங்கள் ஊரை எடுத்தேன். நூலகத்தில் தடித்த புத்தகம் ஒன்றையும் எடுத்தேன். அதில் அந்தப் பகுதிக்கு ஆண்டு முழுவதும் மழை என்று இருந்தது. உங்களிடம் காட்டினேன். "உன்ரை புத்தகம் அந்த வருசம் அங்கை வரேல்லைப் போலை" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. சித்தப்பா கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்தேன். சிரட்டை, லொறி, மரவள்ளி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, கிணறு இருந்த பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டேன். இருபதுக்குப் பதினேழு கிடைத்தது.

அன்றைக்கு நீங்கள் படுக்காமல் எனக்காகக் காத்திருந்தீர்கள்.

"கிணத்தைச் சொன்னனியோ?"

"ஓம் சித்தப்பா."

"என்ன சொன்னவை?"

"நல்லாயிருக்காம்."

நீங்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். படியில் உங்கள் சீட்டி ஒலி மூன்று மாடிக்கும் கேட்டது. மாசி மாதத்தில் ஒரு காலை ரூ பஜோல் தெருவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவர் பிறகு எழும்பவில்லை. நான் உண்மையைச் சொல்ல நினைத்து ஒத்திப்போட்ட நாட்களெல்லாம் அதோடு முடிந்தன.

இப்போது படத்துக்கு வருகிறேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே வட்டக் கட்டு, கப்பி, கயிறு, வாளி. கிணற்றுக் கட்டின் மேல் ஒரு சின்னப் பொடிச்சி நாக்கை நீட்டிக்கொண்டு இருக்கிறாள். கடிதம் வாகியோவின் மகள் ரினி எழுதியது. போனை வைத்துச் சொல் சொல்லாக மொழிபெயர்க்க எனக்கு இரண்டு இரவுச் சாப்பாடு பிந்தியது. பக்கத்துக் காணிகளில் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை நட்டுவிட்டார்களாம். உங்கள் வரிசையை மட்டும் வாகியோ வெட்ட விடவில்லை. கிணற்றுக்கு நிழல் வேண்டுமாம். போன மாதம் உங்கள் மரங்களில் முதன்முதலாகச் சீவியிருக்கிறார்கள். முதல் நாள் பாலை லொறிக்குக் கொடுக்காமல் நட்டவருக்கு அனுப்பச் சொன்னாராம். கடைசி வரி: "கிணற்றை ஊரில் எல்லாரும் தமிழன் கிணறு என்றுதான் சொல்கிறோம். இந்த வருசமும் வற்றவில்லை."

படித்துவிட்டு சலோனைச் சுற்றி ஓடினேன். அம்மா எனக்கு விசராக்கிப் போட்டுதோ என்று கேட்டா. பிறகு அவவும் கடிதத்தை வாங்கி, விளங்காத அந்த வரிகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. கட்டியைத் தானே கழுவி, உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் வைத்தா.

மறுநாள் புவியியல் மதாமிடம் போய், போன வருச எக்ஸ்போசேயில் ஒரு பக்கத்தை வேண்டுமென்றே விட்டேன், அதைச் சொல்ல வேண்டும் என்றேன். அதற்குப் புள்ளி இல்லை என்றார். தேவையில்லை என்றேன். இன்றைக்குப் பத்து நிமிசம் தந்தார்.

கட்டியைப் போட்டுக் கொண்டுபோன பெட்டியைத் திறந்ததும் முன்வரிசை எழும்பி யன்னலைத் திறந்தது. நான் புத்தகத்தைக் கொண்டுபோகவில்லை. முதல் வசனமே கிணறுதான். புகை, வற்றிய கிணறுகள், வாளி வரிசை, குடை பிடிக்கச் சொன்ன வாகியோ எல்லாம் சொன்னேன். ஒருத்தன் கையை உயர்த்தி, அவ்வளவு மழை பெய்யும் இடத்தில் அவருக்கு ஏன் கிணறு வெட்டத் தோன்றியது என்று கேட்டான். கிணறில்லாத காணியை ஆர் தோட்டமெண்டு சொல்லுவினம் என்று நீங்கள் என்னைக் கேட்டதை அப்படியே அவர்களிடம் பிரெஞ்சில் கேட்டேன். வகுப்பு சிரித்தது, அந்த ஊர் சிரித்த மாதிரி. எனக்கும் சிரிப்பு வந்தது.

ரினிக்கு நாளைக்கு எழுதப்போகிறேன், நீங்கள் இல்லை என்பதையும் சேர்த்து. கட்டியில் ஒரு துண்டு வெட்டி என் பென்சில் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரி இடம் மாறிவிட்டாள். பரவாயில்லை.

அண்டைக்கு நான் சொல்லேல்லை, சித்தப்பா. இண்டைக்குச் சொல்லிட்டன்.