ஊறுகாய்க்குப் போன போர்ட்

வியாழன் இரவு, வளைகுடாவில் ரோலா அறை

பாப்பா படங்களைச் சேமிக்க அறையில் வைத்திருக்கும் என் சர்வருக்கு மூன்று நாளாகப் பாதுகாப்புச் சர்டிபிகேட் புதுப்பிக்க முடியவில்லை. படங்களைத் திறந்தால் 'பாதுகாப்பில்லை' என்று வருகிறதாம். ஊரில் மனைவி பயந்துபோய்ப் படம் ஏற்றுவதையே நிறுத்திவிட்டாள். ரூம்மேட் தினகரன் சிரிக்கிறான்: "அந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்கண்ணே."

இன்று ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். சர்டிபிகேட்டுக்காக வெளியிலிருந்து என் சர்வருக்கு வர வேண்டிய வழியை, அந்தப் போர்ட்டை, தன் கேமராவுக்குத் திருப்பி வைத்திருக்கிறான் தினகரன், படுபாவி. எதற்கு? பொது ஃபிரிட்ஜில் அவன் நெத்திலி ஊறுகாயை யார் எடுக்கிறார்கள் என்று டியூட்டியிலிருந்தே பார்க்க! இன்றுவரை நான் அதைத் தொட்டதுகூட இல்லை.

போர்ட்டை என் பக்கம் திருப்பினேன். உடனே சர்டிபிகேட் வந்துவிட்டது. ரவுட்டர் பாஸ்வேர்டையும் மாற்றினேன். இனி டியூட்டியில் உட்கார்ந்து அவன் ஒன்றும் பார்க்க முடியாது.

ஊறுகாய் நல்ல காரம். காலிப் பாட்டிலைக் கேமராவுக்கு நேராகவே வைத்திருக்கிறேன்.