சூரியன் உதிக்காத ஊரில் ராகு காலம்

5.12.2005, திங்கள்
குழந்தை அபிநவ் தூங்கிவிட்டான். இப்போதுதான் பேனா கைக்கு வருகிறது.

காலையில் பிரௌசிங் சென்டருக்குப் போனேன். சுவீடனில் கிருனா என்ற ஊரிலிருந்து மெயில். விண்வெளிப் பொறியியல் முதுகலைக்கு நான் போட்ட விண்ணப்பம் கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கிறதாம். 13-ஆம் தேதி, நம் நேரம் மாலை நாலு மணிக்கு, பேராசிரியர் போனில் பேசுவார்.

சென்டர்காரர் ஆதிகேசவன் எட்டிப் படித்துவிட்டார். "கிருனாவா? எங்கமா கீது?"
"வட துருவத்துக்குப் பக்கத்துல."
"நான் வாலாஜாபாத் தாண்டினாலே எங்க வீட்ல தேடிக்கினு வந்துடுவாங்கமா. உனுக்கு தில்லுதான்."

தில்லாம். குழந்தை இருக்கிறது என்று விண்ணப்பத்தில் எழுதவே இல்லை. அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இதுதான் என் தில்.

6.12.2005, செவ்வாய்
வீட்டில் சொன்னேன்.

மாமியார்: "ராக்கெட் விடப் போறாளாம்! இங்க குக்கர் மூணு விசிலா நாலு விசிலான்னு எண்ணத் தெரியலை."

என் பி.இ. சான்றிதழ் கல்யாணப் பேச்சின்போது ஒருமுறை வெளியே வந்தது. அப்புறம் பட்டுப்புடவைக்கு அடியில், பாச்சை உருண்டையோடு.

வரத் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உன் இஷ்டம்" என்றார். நாலு வருஷ தாம்பத்தியத்தில் இந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டேன். 'வேண்டாம். ஆனால் நான் சொன்னதாக இருக்கக் கூடாது.'

மாமனார் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், தெருவுக்கே பஞ்சாங்கம் பார்த்துச் சொல்பவர். போகலாமா கூடாதா என்று ஒரு வார்த்தை இல்லை. "செவ்வாய்க்கிழமை நாலு மணியா? மூணுலேர்ந்து நாலரை ராகு காலமாச்சேம்மா. வேற வேளை கேளு."

7.12.2005
கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டு போன் ரிப்பேர் என்று ஒரு பொய்.

செயற்கைக்கோள் பாதையை நாலு தசம ஸ்தானத்துக்குக் கணக்குப் போடுகிறவள் ராகுவுக்காகப் பொய் சொல்லியிருக்கிறேன். நம்புகிறேனா? இல்லை. அப்புறம் ஏன்டி கேட்டே? — இரண்டு நாள் தள்ளிப் போகுமே என்றுதான். கிடைத்துவிட்டால் குழந்தையை என்ன செய்வேன்? விட்டுவிட்டுப் போனால் என்னை மறந்துவிடுவானா? இதைக் கேட்டுக்கொள்ள பயம். ராகு வந்து கை கொடுத்தார்.

9.12.2005, வெள்ளி
பேராசிரியர் நல்லவர். கவலை வேண்டாமாம். 15-ஆம் தேதி வியாழன், நம் நேரம் மதியம் இரண்டு மணி.

வியாழன் ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று.

ஆதிகேசவன் விழுந்து விழுந்து சிரித்தார். "கரெக்டா வந்து மாட்டிக்கினியேமா!"

10.12.2005
மாமியார்: "பெருமாளே வேண்டாம்ங்கறார்."

மறுபடி எப்படிக் கேட்பது? வாரம் இரண்டு தடவை போன் கெட்டுப் போகிற வீட்டுக்காரியை நம்பி செயற்கைக்கோளைத் தருவார்களா?

மாமனார்தான் வழி கண்டுபிடித்தார். "உதயத்துலேர்ந்து அஸ்தமனம் வரைக்கும் எட்டாப் பிரிச்சா, அதுல ஒரு பாகம் ராகு காலம். முடிவு பண்றவன் அங்க இருக்கான். அப்போ அவன் ஊர் உதயம்தானே கணக்கு? எத்தனை மணின்னு பார்த்துண்டு வா."

12.12.2005, திங்கள்
பார்த்துக்கொண்டு வந்தேன்.

"உதிக்கலைப்பா."
"மேகமா?"
"இல்லை. ஜனவரி வரைக்கும் உதிக்கவே உதிக்காது."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். பகல் பூஜ்யம். பூஜ்யத்தை எட்டால் வகுத்தால் பூஜ்யம். "அப்போ ராகு காலமே கிடையாது!" சன்னதித் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுப்படியிலிருந்து மாமியார்: "நல்ல வேளையும் கிடையாதுன்னு சொல்லுங்கோ."

இந்த வீட்டில் கணக்கு வாத்தியார் யார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

15.12.2005, வியாழன்
சரியாக இரண்டு மணிக்கு மணி அடித்தது. அபிநவை மாடியில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு வரத்துக்கு. இருபது நிமிஷம் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினேன். எனக்கே ஆச்சரியம்.

அப்போது — கால்சட்டை இல்லாமல் ஓடி வந்து, போனுக்கு நேராக: "அம்மா, கக்கா!"

மறுமுனையில் பேராசிரியர்: "அது யார்?"

டி.வி. என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "என் மகன். இரண்டரை வயது. கழிப்பறைக்குப் போக வேண்டுமாம்."

"அதுதான் அவசரம். போய்விட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்."

காத்திருந்தார்! வெளிநாட்டு போன் காலில், பிள்ளைக்குக் கால் அலம்பிவிடும் நேரம் முழுக்க. வந்ததும், ஊரிலிருந்து பனிக்குக் காலணி வாங்கி வராதீர்கள், உதவாது என்றார். ஒரு ஜோடியா, மூன்று ஜோடியா என்று சொல்லவில்லை.

வரத்: "பேப்பர் பார்த்துண்டிருந்தேன். எப்போ இறங்கினான்னே தெரியலை."

19.4.2006, புதன்
கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் நான் மட்டும். வரத்துக்கும் அபிநவுக்கும் விசா வர டிசம்பர் ஆகலாம்.

வரத் இன்று பேப்பரை மடித்தே வைத்துவிட்டார். "அதுவரைக்கும் பையனை யார் பார்த்துப்பா?"

"உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன். அது அவருக்குத் தெரிய வேண்டாம்.

4.12.2006, கிருனா
வந்துவிட்டார்கள். விமான நிலையத்தில் கையை நீட்டினேன். அபிநவ் அப்பா காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

14.12.2006, வியாழன்
மணி பதினொன்று. வெளியே இருட்டும் இல்லை, பகலும் இல்லை, ஒரு நீலம். மாமனார் கொடுத்தனுப்பிய கிருனா ராகு காலப் பட்டியல் சுவரில் தொங்குகிறது. இந்த வாரங்கள் காலி.

வரத் அடுப்படியில் விசில் எண்ணுகிறார். மூன்றா நாலா என்று என்னைக் கேட்கிறார்.

பத்து நாளாக அபிநவுக்கு எல்லாம் அப்பாதான். சாதம் அப்பா, சாக்ஸ் அப்பா, கக்கா அப்பா. நான் பக்கத்து அறையில் கணக்குப் போடுகிற ஒரு மாமி.

இன்று பேராசிரியரோடு போனில் இருந்தேன். கதவு திறந்தது. கால்சட்டை இல்லை.

வரத் கரண்டியோடு ஓடி வந்தார். "அப்பா வேண்டாம்" என்றான்.

பேராசிரியரைக் காத்திருக்கச் சொன்னேன்.